போனைப் பிடுங்குவதற்கு முன்னால்: பிள்ளைகளின் சாட், குரூப், ஸ்டேட்டஸ் பற்றி ஒரு அம்மா எழுதுவது

போன வருஷம் காலாண்டு விடுமுறையில் என் மகளிடமிருந்து போனை வாங்கி, ஆஃப் செய்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏழு நாள். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது, அதனால்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, சரி நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் போனைக் கொடுத்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது, போகிறது, ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பள்ளி மூடின அன்றைக்கு அவளுக்கும் நெருங்கின தோழிக்கும் ஒரு ரெக்கார்டு நோட்டு விஷயமாகச் சின்ன மனத்தாங்கல். அந்தப் பிள்ளை அன்று ராத்திரியே "சாரிடி" என்று அனுப்பியிருக்கிறது. மறுநாள் "இன்னும் கோவமா?" நாலாம் நாள் "சரி விடு, புரியுது". அதற்கப்புறம் ஒன்றுமில்லை. போன் ஆஃப் ஆகியிருந்தால் அனுப்புகிறவர் பக்கம் ஒற்றை டிக்தான் விழும், பிளாக் பண்ணினாலும் அதே ஒற்றை டிக்தான். என் மகள் பிளாக் பண்ணிவிட்டாள் என்றே அந்தப் பிள்ளை முடிவு பண்ணிவிட்டது. பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் பழையபடி பேச அரையாண்டு வரை ஆனது.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். துணி கொடுக்க வரும் அம்மாக்கள் அளவு சொல்வதைவிடப் பிள்ளைகளின் போனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். "எப்பப் பாரு போனுதான், யாரு கூடத்தான் அப்படி என்ன பேசுதோ" என்று. அவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினதை, மகள் மகன் இருவரிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை, இங்கே எழுதுகிறேன். 13 முதல் 18 வயது வரை பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் அவர்கள் நாளைக் கணக்குப் போடுங்கள்

ஒரு பேப்பரை எடுத்து உங்கள் பிள்ளையின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். என் மகளுக்கு நான் எழுதினது இப்படி வந்தது: காலை எட்டுக்குக் கிளம்பினால் நாலரைக்குப் பள்ளி விடும், ஐந்தரைக்கு டியூஷன், எட்டரைக்கு விடுவார்கள், வீடு வர எட்டே முக்கால். பள்ளியில் பேசக் கூடாது, டியூஷனில் பேசவே கூடாது. சிநேகிதப் பிள்ளைகளோடு நிம்மதியாக நின்று பேசும் நேரம் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம், அதுவும் பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் இல்லை. நான் மேலூர்ப் பக்கம் வளர்ந்தவள். தண்ணீர்க் குழாயடி, கண்மாய்க் கரை, கோயில் படிக்கட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணை என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் யாராவது ஒருத்தியோடு பேசிக்கொண்டேதான் இருந்தேன். அதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்லவில்லை. பொடியன்களுக்காவது சாயங்காலம் கிரவுண்டு இருக்கிறது, பொம்பளைப் பிள்ளைக்கு இருட்டினால் வாசல்கூடக் கிடையாது. மிச்சம் இருப்பது ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை, கையில் இருக்கிற போன்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குக் கோபம் பாதி குறைந்தது. போனில் அவர்கள் செய்வதில் பெரும்பகுதி நாம் திண்ணையில் செய்ததுதான்: கிண்டல், கோபித்துக்கொள்வது, சமாதானம், யாரோ யாரையோ பார்த்தார்கள் என்கிற கதை. எது திண்ணைப் பேச்சு, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்க அங்கே இருக்கும் வழக்கங்கள் கொஞ்சம் தெரிய வேண்டும்.

அங்கே என்ன வழக்கம் ஓடுகிறது

ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தது மூன்று வாட்ஸ்அப் குரூப் இருக்கும். ஒன்று டீச்சர் இருக்கும் குரூப், அதில் வீட்டுப்பாடமும் "யெஸ் மேம்" மட்டும்தான். இன்னொன்று டீச்சர் இல்லாத குரூப், உயிர் அங்கேதான். மூன்றாவது, நாலைந்து பேர் மட்டும் இருக்கும் நெருங்கின குரூப். இதில்தான் வலியும் வரும், ஏனென்றால் ஐந்து பேர் குரூப்பில் ஒருத்தியைப் பிடிக்காமல் போனால் அவளை நீக்க மாட்டார்கள், மற்ற நாலு பேரும் புதிதாக ஒரு குரூப் தொடங்கிவிடுவார்கள். பழைய குரூப் அப்படியே இருக்கும், அதில் யாரும் பேச மாட்டார்கள். உங்கள் பிள்ளை அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தால், "என்ன சும்மா சும்மா பார்க்கிற" என்று வைவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அமைதியான குரூப் அவர்களுக்கு ஊரே ஒதுக்கி வைத்த மாதிரி.

நீல டிக் விழுந்து பதில் வரவில்லை என்றால் அவமதிப்பு. நமக்கு அது ஒன்றுமே இல்லை, சமையலில் இருந்தேன் என்று விட்டுவிடுவோம். வெறும் "ம்" வந்தால் கோபம். "ஓகே" என்று எழுதிப் புள்ளி வைத்தால் பெரிய கோபம், என் மகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். பிறந்தநாள் அன்றைக்கு யார் யார் போட்டோவைச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்பது எண்ணப்படும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்கிற பதைப்பு அவர்களுக்கு எப்போதும் உண்டு. இன்ஸ்டாவில் நெருங்கின நண்பர்களுக்கு மட்டும் காட்டும் ஸ்டோரிக்குப் பச்சை வட்டம் வரும். பச்சை வட்டம் வந்தால் நம்மைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தோஷம்.

ஸ்நாப்சாட்டில் ஸ்ட்ரீக் என்று ஒன்று. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தினம் ஒரு போட்டோவாவது 24 மணி நேரத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் தீ அடையாளமும் நாள் கணக்கும் வரும், ஒரு நாள் விட்டால் போச்சு, சுழியம். எழுத்தில் சாட் பண்ணினால் கணக்கில் சேராது. நேரம் முடியப் போகிறது என்றால் மணற்கடிகாரம் காட்டும். சுவரை, மேற்கூரையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்களே, பைத்தியமா என்று தோன்றும், அது இதற்குத்தான். இந்தக் கணக்கை உடைக்காமல் வைத்திருப்பது நட்பின் அடையாளம் என்று பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, என் மகளிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் திடீரென்று போனைப் பிடுங்கினால் உடைவது அவளுடையது மட்டுமில்லை, எதிரில் இருக்கும் பிள்ளையுடையதும்தான். எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னாலேயே சொல்லி, "நாளைக்கு போன் இருக்காதுன்னு உன் சிநேகிதப் பிள்ளைகளுக்குச் சொல்லிரு தாயி" என்று அவகாசம் கொடுங்கள். இந்த ஒன்றை மட்டுமாவது எல்லாரும் செய்தால் போதும் என்று நினைக்கிறேன்.

விளையாட்டு என்று நினைப்பது பல நேரம் பேச்சுதான்

மகன்கள் விஷயத்தில் இது. பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், அதற்குப் பதில் பிஜிஎம்ஐ 2021-ல் வந்தது. ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இன்னும் ஓடுகிறது. பெயர் மாறுகிறது, உட்கார்ந்திருக்கும் விதம் மாறவில்லை. நாலு பேர் ஒரு அணி, காதில் ஹெட்செட், "மாப்ள வலது பக்கம் வர்றான்டா" என்று கத்திக்கொண்டே நடுவில் கெமிஸ்ட்ரி பேப்பர் எப்படி, யார் யாரை விரும்புகிறான், அப்பா வேலை போச்சு, எல்லாம் பேசிவிடுவார்கள். என் மகன் தன் நண்பன் வீட்டுக் கஷ்டத்தை அப்படித்தான் தெரிந்துகொண்டான், பள்ளியில் அந்தப் பிள்ளை மூச்சு விடவில்லை.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூடப் போகும். தோசை ஆறுகிறது என்று நாம் கத்தும்போது அவன் எழுந்தால் மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு ஓடினவன் ஆகிவிடுவான். "இப்பவே வா" என்பதற்குப் பதில் "இன்னும் எத்தனை நிமிஷம்டா இருக்கு?" என்று கேளுங்கள். "பன்னெண்டு நிமிஷம்மா" என்று துல்லியமாகச் சொல்வான். அடுத்த மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் வந்து நின்றால் போதும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சண்டை இதனாலேயே நின்றது. முகம் தெரியாத ஆட்களோடு அணி சேர்வதும், காசு கொடுத்து ஸ்கின், அதாவது விளையாட்டில் வரும் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் புதுத் தோற்றம், வாங்குவதும் வேறு விஷயம். அதற்கு முன்கூட்டியே ஒரு பேச்சு வார்த்தை வேண்டும், யுபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

வீட்டில் வைக்க வேண்டிய ஒப்பந்தம்

ராத்திரி பத்து மணிக்கு எல்லாருடைய போனும் ஹாலில், டிவி பக்கத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜில். எல்லாருடையது என்றால் என்னுடையது, வீட்டுக்காரருடையது, அப்பத்தா பார்க்கும் சீரியல் போன் உட்பட. நம்முடையது தலையணைக்கடியில் இருந்துகொண்டு பிள்ளையை மட்டும் வைக்கச் சொன்னால் அந்த ஒப்பந்தம் மூன்று நாள் தாங்காது. முதல் வாரம் என் வீட்டுக்காரர்தான் முரண்டு பிடித்தார், "வியாபார கால் வரும்" என்று. ரிங் சத்தம் கேட்கும் தூரத்தில்தானே இருக்கிறது என்றதும் சரி என்றார். அலாரத்துக்கு போன் வேண்டும் என்பார்கள் பிள்ளைகள், ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சாட்டைத் திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். நான் ஒரு தடவை படித்திருக்கிறேன், மகள் குளிக்கப் போயிருந்தபோது. எனக்குக் கிடைத்தது என் மகளைப் பற்றி எதுவுமில்லை, வேறொரு பிள்ளையின் வீட்டு ரகசியம். அவள் அம்மா என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவர். அடுத்த முறை அவர் வந்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதோடு, படிக்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பேசுவதை நிறுத்த மாட்டார்கள், இடத்தை மாற்றிவிடுவார்கள். வாட்ஸ்அப்பிலேயே தனிச் சாட்டைப் பூட்டி மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, இன்ஸ்டாவில் வேறு பெயரில் இரண்டாவது ஐடி தொடங்க இரண்டு நிமிஷம் போதும். நாங்கள் பேசி வைத்திருப்பது இது: லாக் நம்பர் எனக்குத் தெரியும், ஆனால் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று எனக்குப் பட்டால் ஒழியத் திறக்க மாட்டேன், திறந்தாலும் அவளை வைத்துக்கொண்டுதான் திறப்பேன். 13 வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு விட்டுக் கொடுக்கத் தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம். 17-க்கு விட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கே ஒரு போன்தான் என்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வரும் அம்மாக்கள் சொல்வார்கள், அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் பிள்ளைக்குப் போன், அதற்குள் குரூப்பில் எல்லாம் பேசி முடிந்திருக்கும். அந்த வீட்டில் ஒரு அரை மணி நேரத்தை இன்னாருடையது என்று ஒதுக்கிவிடுங்கள், அந்த நேரத்தில் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள்.

எப்படிக் கேட்பது

"யாரு கூட சாட்?" என்று கேட்டால் "ஃபிரண்டு" என்று பதில் வரும், முடிந்தது. எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். என் மகள் வாய் திறப்பது பிளவுஸுக்குக் கொக்கி கட்டும்போதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆளுக்கு ஒரு பிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். நான் ஆள் பெயர் கேட்க மாட்டேன். "இன்னைக்கு குரூப்புல என்ன ஓடுது?" என்பேன், இல்லையென்றால் அவள் சிரித்ததைப் பிடித்துக்கொண்டு "அது என்ன மீமு, எனக்கும் காட்டேன்" என்பேன். மகனுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும், முகம் பார்க்க வேண்டாம் அல்லவா. சொன்னதும் உடனே அறிவுரை சொல்லக் கூடாது. அது எனக்கு ரொம்பக் கஷ்டம், நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

இன்னொன்று நம் பக்கம் திருத்திக்கொள்ள வேண்டியது. பிள்ளையின் மார்க்கை, போட்டோவை, கேட்காமல் சொந்தக்காரர் குரூப்பில் போடாதீர்கள். சித்தப்பா பையன் மார்க்கோடு ஒப்பிட்டு ஒரு கமென்ட் வந்தால் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும். பிள்ளைகள் ஸ்டேட்டஸை நம்மிடமிருந்து மறைத்து வைத்திருந்தால் மனசு சங்கடப்பட வேண்டாம், நாமும் நம் அம்மா வந்ததும் பேச்சை மாற்றினவர்கள்தானே.

செட்டிங்ஸ், பத்து நிமிஷ வேலை

சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள், நீங்களாகச் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் குரூப்ஸ் போய், தெரிந்த நம்பர்கள் மட்டும் குரூப்பில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள், தெரியாத நம்பர் கால்களைச் சத்தமில்லாமல் ஆக்குங்கள். ஸ்நாப்சாட் மேப்பில் கோஸ்ட் மோட் போட்டுவிடுங்கள், இருக்கும் இடத்தைக் காட்டும்படி வைத்திருந்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவர்கள் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் பிறந்த வருஷம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், இதுதான் முக்கியம், ஏனென்றால் முக்கால்வாசிப் பிள்ளைகள் வயதைக் கூட்டித்தான் போட்டிருக்கும். சரியான வயது இருந்தால் டீன் அக்கவுன்ட் ஆகிவிடும், இந்தியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து வந்திருக்கிறது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் அடங்கியிருக்கும், 16 வயதுக்குக் கீழே என்றால் இதையெல்லாம் தளர்த்த நம் அனுமதி வேண்டும்.

மிரட்டல் வந்தால்

இதை நிதானமாகப் படியுங்கள். முகம் தெரியாத ஒருவன், பல நேரம் அதே வயதுப் பிள்ளை மாதிரி நடித்துப் பழகி, ஒரு போட்டோ வாங்கிக்கொண்டு, பணம் கொடு இல்லாவிட்டால் உன் குரூப்புக்கெல்லாம் அனுப்புவேன் என்பான். சாதாரண முகப் போட்டோவை ஏஐ வைத்து மாற்றியும் இப்போது மிரட்டுகிறார்கள், பையன்களையும்தான். பிள்ளை உங்களிடம் வந்து சொல்லிவிட்டால் பாதி தப்பித்தது. அந்த நிமிஷம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய முதல் வார்த்தை "சொன்னது நல்லது, நான் பார்த்துக்கறேன்". "உன்னை யாரு போட்டோ அனுப்பச் சொன்னது" என்பது பிறகு எப்போதாவது, முடிந்தால் எப்போதுமே வேண்டாம். பணம் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பான். சாட்டை அழிக்காதீர்கள். அவன் ஐடி, நம்பர், மிரட்டின வார்த்தை, பணம் கேட்ட விவரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930, பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் உடனே. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்று இலவச சேவை ஒன்று இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாள எண் மட்டும் போய் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்ற இடங்களில் தடுக்கும்.

ஸ்டேஷனுக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தே பல வீட்டில் மூடி மறைக்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் தெளிவாகச் சொல்கிறது: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர்கள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும் பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, அடையாளம் வெளியே போகக் கூடாது. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. மறுபக்கமும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், கூடப் படிக்கும் பிள்ளையின் அப்படிப்பட்ட படம் குரூப்பில் வந்து அதை ஃபார்வர்டு செய்தால் அதுவே குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். விளையாட்டுக்கு அனுப்பினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் பிள்ளை சுருண்டு கிடந்தால் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம்

சாதிப் பெருமை ஸ்டேட்டஸ். கொடி நிறம், பஞ்ச் வசனம், அருவாள் படம், பின்னணியில் பாட்டு. பிள்ளை பெரும்பாலும் அர்த்தம் புரிந்து வைப்பதில்லை, கூட்டத்தோடு கூட்டமாக வைக்கிறது. அதைப் பார்க்கும் இன்னொரு பிள்ளைக்கு அது நன்றாகப் புரியும், மறுநாள் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்களும் மாணவர்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னது. கையிலிருந்து கயிறை அவிழ்த்துவிட்டு ஸ்டேட்டஸில் கட்டிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக் கொடுப்பதில்லை. மகன் ஒரு தடவை வைத்தான், அன்றைக்கே எடுக்கச் சொன்னேன், அவன் கூட்டாளி பெயரைச் சொல்லி "அவன் பார்த்தா என்ன நினைப்பான்?" என்று மட்டும் கேட்டேன். எடுத்துவிட்டான்.

கடைசியாக, நேரில் பார்க்க விடுங்கள்

மகளுடைய நாலு தோழிகளின் அம்மாக்களும் நானும் பேசி வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சனிக்கிழமை டியூஷன் இல்லை. ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை பிள்ளைகள் தெப்பக்குளம் போகலாம், தேர்வு நேரம் என்றால் புதுநத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒரு மெசேஜ், நடுவில் எந்த அம்மாவும் கூப்பிடக் கூடாது. ஐந்து வீட்டிலும் ஒரே நேரம், ஒரே விதி என்பதால் "அவ வீட்டுல மட்டும் விடுறாங்க" என்கிற வழக்கு இல்லை.

முதல் சனிக்கிழமை எனக்குக் கை ஓடவில்லை, ஒரு பிளவுஸுக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேன். ஏழு அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு "கிளம்பிட்டோம்மா" என்று வந்தது. அன்று ராத்திரி ஒன்பதரைக்கே போனைக் கொண்டுவந்து சார்ஜில் போட்டுவிட்டு, தானாக ஒரு பிளவுஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ரெக்கார்டு நோட்டுப் பிள்ளையும் வந்திருந்தாளாம்.